உன் தாய் யாரோடு உண்கிறாள்

அன்பு மகனே,

நம்மை ஊட்டி வளர்க்கிற ஆண்டவர் உன் உடம்பையும், நீ அமைக்கப்போகும் அடுப்படியையும் காத்தருள்வாராக. உனக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது என்பதை நான் உன்னிடமிருந்து அறியவில்லை. உன் தாயிடமிருந்தும் அறியவில்லை. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பேச்சியம்மாள் என்னும் அம்மையாரின் வாயிலிருந்து, அதுவும் எனக்கென்று சொல்லப்படாத ஒரு பேச்சிலிருந்து அறிந்தேன். சென்ற வாரம் ஒரு மாலை, அன்று மட்டும் கோயிலில் செபமாலை முடிந்து வந்து உண்ணலாம் என்றிருந்த நான், புறப்படுமுன் தண்ணீர் குடிக்கலாம் என்று அடுப்படிப் பக்கம் போனேன். உன் தாய் வழக்கம்போலத் தட்டுக்கு முன்னால் உப்பு ஜாடியில் கைபேசியைச் சாய்த்து வைத்து, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, புடலங்காய்க் கூட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள்ளிருந்து பேச்சியம்மாளின் குரல் கேட்டது: “தம்பிக்கு மாத்திர ஆரம்பிச்சுட்டாகளா மதினி? பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா?” உன் தாய் என்னைக் கண்டதும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தாலும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

உன் தாயிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எத்தனை நாளாகத் தெரியும் என்றேன். நீ ஆடிமாதமே அவளிடம் சொல்லிவிட்டாயாம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், அவர் கோயிலில் பொருத்தனை என்று வேண்டுதல் வைத்து ஊருக்கே தெரியப்படுத்திவிடுவார் என்றும் சொன்னாயாம். அவள் மறுநாளே பேச்சியம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். அன்று செபமாலையில் எந்த மறையுண்மைக்கான செபத்தில் நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. என் முறை வந்தபோது பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் ஏழு தலையான பாவங்களை வரிசையாக ஒப்பிப்போம். அந்த வரிசையில் போசனப்பிரியமும் காய்மகாரமும் அடுத்தடுத்து நிற்கும். உணவாசையும் பொறாமையும் ஏன் பக்கத்து வீட்டுக்காரர்களாக வைக்கப்பட்டன என்பதைப் பள்ளியில் தமிழ் கற்பித்த இத்தனை ஆண்டுகளில் நான் யோசித்ததில்லை. இந்தச் சில ஆண்டுகளில் என் வீட்டு அடுப்படியே எனக்கு அதைக் கற்பித்துவிட்டது. ஆகவே இக்கடிதம் பொறாமை கொண்ட ஒரு மனிதன் எழுதுவது என்பதை முதலிலேயே தெரிந்துகொள். தொலைபேசியில் பேசியிருப்பேன். உன் தாய் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவாள், பிறகு அது ஓடைப்பட்டி வரைக்கும் போகும் என்பதால்தான் கையால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் தாய்க்கு நோய் வந்த காலத்தில் நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். ஆகவே அவள் உணவு எப்படி மாறியது என்பதை நீ விடுமுறைகளில் துண்டு துண்டாகத்தான் கண்டிருப்பாய். அது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் காப்பியில் சீனி நின்றது. அதை மட்டும் நிறுத்திவிட்டு, நோயை வென்றுவிட்டதாக நாங்கள் இருவரும் ஓராண்டு நிம்மதியாக இருந்தோம். அடுத்து இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்தது. அதைச் சுடத் தெரியாமல் அப்பளம்போல் ஆக்கி, இருவரும் சிரித்துக்கொண்டே குழம்பில் ஊறவைத்துத் தின்றோம். பிறகு கேப்பைக் களி வந்தது. களி என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று அவள் இரண்டு உருண்டை உண்டு, அடுத்த பரிசோதனையில் அளவு ஏறிப்போய் மருத்துவரிடம் பேச்சு வாங்கினாள். அவர் சொல்லி அனுப்பிய உணவு முறை வேறு ஏதோ நாட்டுச் சமையலறைக்குச் சொன்னதுபோல இருந்தது. ஓட்ஸ் என்றார், ஆப்பிள் பாதி என்றார். நம் வீட்டில் இருப்பதோ சோறும், குழம்பும், எந்தப் பருவத்திலும் யாராவது கூடை நிறையக் கொடுத்தனுப்பும் திராட்சையும் வாழைப்பழமும். கொடுத்தனுப்புகிறவர்களின் முகம் வாடக் கூடாதென்று வாங்கி வைப்பாள். வாங்கி வைத்ததை நான் தின்பேன். அவள் அந்தக் கூடையைக் கழுவித் திருப்பி அனுப்புவாள்.

பேச்சியம்மாளை அவளுக்குத் தேடிக் கொடுத்தது நானேதான் என்று சொல்லவேண்டும். தேனி அல்லிநகரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்திற்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பின் சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. அவளைப் பக்கத்து உணவகத்தில் உட்கார வைத்துவிட்டு, ஓய்வூதிய வேலையாகக் கருவூலத்திற்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவளுக்கு எதிரே பச்சைக் கரைச் சேலையும் கனத்த தோடுமாக ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். அவரும் ஊசிக்குக் காத்திருந்தவர். உன் தாய் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நோய் வந்தபின் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்த உணவகத்தின் சாம்பாரில் வெல்லம் போட்டிருக்கிறார்கள் என்று இருவரும் கண்டுபிடித்து, பரிமாறுபவரைக் கூப்பிட்டு விசாரணை நடத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் சிரிப்பின் காரணம். அதை எனக்குச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இருந்திருந்தா வந்திருக்கும்,” என்றாள்.

அதன்பின் அவள் உணவை மாற்றியது மருத்துவர் அல்லர், நானும் அல்லன். தட்டில் முதலில் காய், பிறகுதான் சோறு என்பதும், வரகும் சாமையும் நல்லதுதான், ஆனால் ஒரு கரண்டிக்கு மேல் அவையும் சோறுதான் என்பதும், பசித்தால் மோர் குடித்துவிட்டுச் சற்றுப் பொறுப்பதும், இரவு உணவை ஆறரைக்கே முடித்துவிடுவதும் ஓடைப்பட்டியிலிருந்து வந்தவை. எல்லாமே சரி என்று சொல்லமாட்டேன். ஒருமுறை கைபேசியில் எவரோ சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் வெறும் வயிற்றில் ஏதோ இலைச்சாற்றைக் குடித்து, உன் தாயையும் குடிக்கச் சொல்லி, இருவருக்கும் ஒரே நாளில் வயிறு போயிற்று. அந்த நாளில் நான் வீட்டுக்குள் நடந்த நடையில் ஒரு மிடுக்கு இருந்ததாக உன் தாய் இன்றும் சொல்லுவாள். இருந்திருக்கலாம்.

ஆறரை மணி என்பதுதான் என்னை அறுத்தது. திருமணமான நாள்முதல் உன் தாயும் நானும் இரவு செபம் முடிந்து எட்டு மணிக்குச் சேர்ந்து உண்போம். எனக்குப் போட்டுவிட்டுத் தனக்குப் போட்டுக்கொண்டு எதிரே அமர்வாள். அன்று வகுப்பில் நடந்ததை நான் சொல்லுவேன், ஊரில் நடந்ததை அவள் சொல்லுவாள். ஆறரைக்கு அவள் சாப்பிடத் தொடங்கியபின், எட்டு மணிக்கு என் தட்டும், மூடிவைத்த சோறும், தண்ணீரும் மேசைமேல் ஒழுங்காக இருக்கும். அவள் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஆறரைக்கோ அடுப்படியில் கைபேசி வழியே பேச்சியம்மாளோடு பேச்சும் சிரிப்பும். இங்கே இவள் கொத்தவரங்காய் என்றால் அங்கே அவர் வெண்டைக்காய் என்பார். யாருக்கு இன்று எவ்வளவு என்று காலை அளவைச் சொல்லிக்கொள்வார்கள். குறைந்தவள் வென்றவள்போலும், கூடியவள் தோற்றவள்போலும் ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள். அந்த அம்மாள் கோயில் பொங்கலைத் தொடவில்லை என்பதற்கு இவள் சாட்சி. இவள் கிறிஸ்துமஸ் பலகாரத்தைத் தொடவில்லை என்பதற்கு அவர் சாட்சி. பழைய அகப்பாட்டுகளில் ஊடுகிறவள் தலைவி. அவன் வேறொருத்தி வீட்டிலிருந்து வருவான், இவள் வாயிற்கதவைச் சாத்துவாள். நாற்பது ஆண்டுகள் அதைச் சலிக்காமல் பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். தலைவன் ஊடினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பாட்டுகளில் வழியே சொல்லவில்லை. அவன் சாத்துவதற்குக் கதவும் இல்லை. நான் ரசத்தில் உப்பில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் பசியில்லை என்று எழுந்துவிட்டேன். அவள் தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சென்ற ஆண்டுப் பெரிய வெள்ளியன்று நடந்ததை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறோம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று பங்குத்தந்தை பீடத்திலிருந்தே சொல்லியிருந்தார். உன் தாய்க்கு அது அவமானமாகப் பட்டது. ஒருவேளை உணவோடு நோன்பிருக்கும் அந்த நாளைச் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து அவள் விட்டதில்லை. மருந்து ஒருசந்தியை முறிக்காது என்று நம் வீடுகளில் எல்லோரும் அறிவோமே, அதை நம்பிக் காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, ஒன்றும் உண்ணாமல் கோயிலுக்கு வந்தாள். நானும் தடுக்கவில்லை. அன்று ஒருநாளாவது கோயிலிலிருந்து வந்து கஞ்சியையும் துவையலையும் என்னோடு உட்கார்ந்து உண்பாள், அன்று ஆறரை மணி கிடையாது என்னும் சந்தோஷம் எனக்கு. சிலுவைப்பாதையில் பதினான்கு தலங்களில் பாதி கடக்குமுன் அவள் முந்தானை வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, தூணைப் பிடித்துச் சரிந்தாள். வெளியே தூக்கிவந்து, எதிர்த் தேநீர்க்கடையில் ஒரு கை சீனி வாங்கி, அவள் வாயில் நானே போட்டேன். ஒரு குழந்தையைப்போல நக்கி விழுங்கினாள். என் உள்ளங்கையில் அவள் நாக்குப் பட்டது. மகனே, அந்த நேரத்தில் நான் பயந்தேன் என்பது உண்மை. அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு மகிழ்ச்சி இருந்ததும் உண்மை. ஓடைப்பட்டியிலிருந்து யாரும் கை நீட்டி அவளுக்குச் சீனி போட முடியாது அல்லவா?

அன்று மாலையே அவள் எழுந்து உட்கார்ந்து முதல் காரியமாகப் பேச்சியம்மாளை அழைத்தாள். “மாத்திரயப் போட்டுட்டு எவளாச்சும் பட்டினி கெடப்பாளா? உங்களுக்குப் படிச்ச புருசன் வேற,” என்று அந்த அம்மாள் வைத வைவு முன்னறை வரை கேட்டது. உன் தாய் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றாள். சீனி கொடுத்தவன் நான் என்பதை அவள் சொன்னதாகக் கேட்கவில்லை. அடுத்த வாரமே சின்னமனூர் போய், அங்கிருந்து ஓடைப்பட்டிப் பேருந்தில் ஏறினேன். திராட்சை வாங்கிவரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். யாருக்கு என்று உன் தாய் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இனி இப்படித் தினமும் அழைக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவதுதான் என் எண்ணம். நல்ல தமிழில் நான்கு வாக்கியங்கள் பேருந்திலேயே அமைத்து வைத்திருந்தேன். பந்தலுக்கடியில் கூலியாட்கள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்களை ஏவிக்கொண்டும் நிலக்கடலை உரித்துக்கொண்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை.

“வாங்கண்ணே. மதினி அனுப்புனாகளா, நீங்களா வந்தீகளா?”

நானாகத்தான் வந்தேன் என்றேன்.

“அப்பச் சண்டைக்குத்தேன் வந்திருக்கீக. சாப்புட்டுட்டுப் போடுங்க. வெறும் வயித்துல போட்டா எனக்குச் சுகர் எறங்கிரும்.”

வீட்டுக்குள் அழைத்துப்போய், தமக்குச் சமைத்ததையே எனக்கும் வைத்தார். தட்டின் பாதிக்குப் பீர்க்கங்காயும் கீரையும், ஓரமாக ஒரு கரண்டி வரகுச் சோறு, கொஞ்சம் பருப்பு, மோர். சோறு இரண்டு வாயில் தீர்ந்துவிட்டது. என் கை தானாகத் தட்டைத் துழாவியது. அவர் கரண்டியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ்வளவுதேண்ணே. கேட்டாலும் கெடையாது. வயிறு ரொம்பிருச்சு, ஆனாக் கை இன்னும் தட்டுலதான கெடக்கு? அந்தப் பசிதேன் எங்க பசி. அது டாக்டருக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது.” நான் அமைத்து வைத்த வாக்கியங்களில் ஒன்றை எடுத்தேன். நீங்கள் பேசத் தொடங்கிய பிறகு என் மனைவி என்னோடு உண்பதில்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது. இந்த வயதில், அந்நியப் பெண்பிள்ளையிடம், அந்நியர் வீட்டில் உட்கார்ந்து சொல்லுகிற பேச்சா அது?

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஆறரைக்குச் சாப்புடச் சொன்னது நாந்தேன். ஆனா எட்டு மணிக்கு உங்க எதுக்க வந்து உக்காரக் கூடாதுன்னு நாஞ் சொல்லல. அது மதினியே செஞ்சது. நீங்க ஆவி பறக்கச் சோத்தப் போட்டு, ரசத்த ஊத்திப் பெசஞ்சு, ஒவ்வொரு வாய்க்கும் கண்ண மூடிக்கிட்டுத் திங்கிறீகளாம். எதுக்க உக்காந்திருக்க முடியலன்னாக. ‘அவுக சாப்புடுறதப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு பேச்சி, பாவமா இது?’ன்னு கேட்டு அழுதாகண்ணே.”

என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் நான் சோற்றை விட்டுவிடுவேன் என்று பயந்தாளாம். தனக்கு இல்லாமல் போனது போதும், அவருடைய தட்டிலாவது சோறு இருக்கட்டும், அடுத்த அறையிலிருந்து வாசனையாவது வரட்டும் என்றாளாம். இரவில் உன் தாயின் பாதம் எரிவதையும், காலில் முள் குத்தினால்கூட உறைக்காமல் போவதையும் அந்த அம்மாள் சொல்லித்தான் அறிந்தேன். ஒரே கட்டிலில் படுத்திருந்த எனக்குத் தெரியாதது, பேருந்து மாறிப் போகவேண்டிய ஊரில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. அவள் என்னை விட்டு விலகவில்லை என்பது ஆறுதலாக இருந்தது. என்மேல் அவளுக்கிருந்த பொறாமையைக்கூட அவள் வேறொருத்தியிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்பதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. வரும்போது அந்த அம்மாள் ஒரு பை நிறையத் திராட்சை கொடுத்தார். பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தேன்.

மறுநாள் ஆறரைக்கு நானும் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். கைபேசியைச் சற்று நகர்த்தி வைத்தாள். “பேச்சி, இன்னைக்கு இங்கன ரெண்டு தட்டு,” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு வந்தது. அதற்குப் பிறகும் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. முதல் மாதம் கீரையைக் கண்டாலே எனக்குக் கோபம் வந்தது. மதியம் இன்றும் எனக்குச் சுடச்சோறு உண்டு. அவள் படுத்திருக்கும் நேரம் பார்த்து, ரசத்தைச் சத்தமில்லாமல் பிசைந்து உண்கிறேன். மாலையில் அவர்கள் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, அந்தப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிகிறது. மாத்திரைகளுக்கு அவர்களே செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். நோயில்லாதவன் என்பது ஒரு குறையாகவே எனக்கு அங்கே இருக்கிறது. கடவுள் தந்த சுகத்துக்கு நன்றி சொல்லி மண்டியிடும்போதே, அந்த நன்றியில் இந்த முறைப்பாடும் சேர்ந்துவிடுகிறது.

உன்னைப் பற்றி இப்போது சொல்கிறேன். அந்த மேசைக்குக் கோயம்புத்தூரிலிருந்து நீயும் வந்து சேர்ந்திருக்கிறாய். ஆடியிலிருந்து நீங்கள் மூவராக இருந்திருக்கிறீர்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றும் அறியாமல் கூட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் காயத்தை விடு, அது பழகிய காயம். பழனிசெட்டிபட்டியில் ஒரு பெண் உனக்காகப் புடவை எடுத்துக்கொண்டிருக்கிறாள். மெர்சிக்கு இதைச் சொல்லவேண்டாம், கல்யாணம் முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நீ உன் தாயிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். உன் தாய் உன் பக்கம். சம்பந்தம் நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். இந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி நின்றதும் உண்டு. அந்தப் பயத்தை நான் சிறிதென்று சொல்லமாட்டேன். சொல்லிவிட வேண்டும் என்பது பேச்சியம்மாளின் கட்சி. அவரும் நானும் ஒரே பக்கம் நிற்பது எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனாலும் நிற்கிறோம்.

இரண்டு ஞாயிறுகளாக உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கோயிலில் திருமண ஓலை வாசிக்கிறார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பங்குத்தந்தை கேட்டபோது, உன் தாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், நான் எழுந்துவிடுவேனோ என்று. நான் எழமாட்டேன். சர்க்கரை நோய் திருச்சபைச் சட்டப்படி தடை அன்று, நீ செய்வது சட்ட மீறலும் அன்று. அந்த வீட்டாரிடம் நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன், அது உன் வாயிலிருந்து வரவேண்டிய சொல். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீ மறைத்தால் குளியலறையில் மாத்திரை போடுவாய். அவள் ஆசையாகச் சமைத்ததை அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று தள்ளுவாய். மனிதன் எதையும் முழுவதுமாக ஒளித்துக்கொண்டு வாழ இயலாது, ஆகவே யாரிடமாவது சொல்லிக்கொள்வாய். அலுவலகத்தில் உன்னைப்போலவே மதிய உணவுக்கு முன் மாத்திரை போடும் ஒருவரிடம், நல்லவர் ஒருவரிடம். ஒருநாள் மெர்சி தண்ணீர் குடிக்க வருவாள், கதவருகே நிற்பாள். அங்கே நிற்பது எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் நின்றபோது எனக்குப் பின்னால் முப்பது ஆண்டு வாழ்க்கை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கும்?

சொன்னால் அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அச்சடித்த அழைப்பிதழோடு வீடு வீடாகப் போய், கல்யாணம் நின்றுவிட்டது என்று கைகூப்புகிறவன் நானாக இருப்பேன், நீ அல்ல. அந்த அவமானத்தைச் சுமக்க எனக்கு முதுகு இருக்கிறது என்று உன் தாயிடமும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று இரண்டாம் ஓலை முடிந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் மெர்சி அழைத்தாள். மறுவீட்டு விருந்துக்கு என்ன செய்வது என்று அவள் வீட்டில் இப்போதே பேச்சாம். “அத்த, அவுகளுக்கு இனிப்புன்னா ரெம்பப் புடிக்குமாமே. அதிரசமா, பால்கோவாவான்னு அம்மா கேக்கச் சொன்னாக,” என்றாள். உன் தாய் கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவன் என்ன சாப்பிடுகிறான் என்பதை அவனே உனக்குச் சொல்லவேண்டும் தாயி, அவனையே கேள் என்றேன். மெர்சி கூச்சத்தோடு சிரித்தாள். “சனிக்கெழம சாயங்காலம் பேசுவாக மாமா, அப்பக் கேட்டுக்கிறேன்.”

மூன்றாம் ஓலைக்கு முந்தைய மாலை அது. அதிரசம் என்று நீ சொன்னால் அவள் தாயார் மாவு இடித்து வைப்பார், மறுவீட்டில் அவள் கண்ணெதிரே நீ அதைத் தின்னவேண்டியிருக்கும், அடுத்த விருந்திலும், அதற்கடுத்த விருந்திலும். உள்ளதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் அழலாம், யோசிக்க நாள் கேட்கலாம், தன் அப்பாவைக் கூப்பிடலாம். எது நடந்தாலும் அந்தச் செய்தியை வேறு யார் வாயிலிருந்தும் இல்லாமல், உன் வாயிலிருந்து, உன் குரல் நடுங்குவதையும் சேர்த்துக் கேட்டவள் அவளாக இருப்பாள். உன் அப்பனுக்கு அது வாய்க்கவில்லை. அவளுக்கு வாய்க்கட்டும் மகனே. அதற்காக அவள்மீதும் பொறாமைப்பட நான் ஆயத்தமாயிருக்கிறேன்.

உன் அப்பா